இழுத்த கையும் எழுதிய பெயரும்

ஐவர் சேர்ந்து சமர்ப்பிக்கும் குழு ஒப்படையின் முகப்பில் ஐந்து பெயர்கள் இருக்கும்; புள்ளியும் ஐவர்க்கும் ஒன்றாகவே இருக்கும். உழைத்தோர் இருவர் மட்டுமே என்பது ஐவர்க்கும் தெரியும். பல்கலைக்கழக வாழ்வில் இஃது அன்றாட நிகழ்ச்சியாகிவிட்டமையால் இதனை ஓர் அறவியற் பிரச்சினையாக எவரும் கருதுவதில்லை. உழைத்தவர் முணுமுணுப்பார், உழையாதவர் தேநீர் வாங்கிக் கொடுப்பார், அத்துடன் கணக்குத் தீர்ந்ததாகக் கொள்ளப்படும். அது தீர்ந்ததா என்பதே எமது வினா.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என நீளும் எமது கடற்கரையில் கரைவலை இழுப்போரை நோக்குவோம். தோணியிற் கொண்டுசென்ற வலையை அரைவட்டமாக வளைத்து விட்டபின், அதன் இரு அந்தங்களிலுமுள்ள கயிறுகளை இரு அணியினர் கரையில் நின்று இழுக்கின்றனர். மீன் விற்றபின் வலைக்கும் தோணிக்கும் உரிய பங்கு கழிக்கப்பட, எஞ்சியது உழைத்தோரிடையே பங்கிடப்படுகிறது. வலியோரும் மெலியோரும் ஒரே கயிற்றைப் பற்றுகின்றனர். எவர் எத்தனை இறாத்தல் விசையுடன் இழுத்தார் என அங்கு எவரும் அளப்பதில்லை.

அளந்து பார்த்த ஒருவர் உண்டு. பிரான்சிய வேளாண்மைப் பொறியியலாளரான மக்ஸ் ரிங்கெல்மன் மனிதர் இழுக்கும் விசையை அளந்து 1913இல் முடிவுகளை வெளியிட்டார். எண்மர் சேர்ந்து இழுக்கும்போது ஒருவரின் பங்கு, அவர் தனித்து இழுக்கையிற் காட்டும் வலுவில் ஏறத்தாழ அரைவாசியாகிவிடுகிறது. எல்லோரும் ஒரே கணத்தில் இழுக்காமையே இதற்குப் பெரிதும் காரணம் என அவர் எண்ணினார். 1974இல் ஆய்வாளர் அலன் இங்கமும் துணைவரும் கண்கட்டப்பட்ட ஒருவரை முன்னிறுத்தி, பின்னால் நின்றோரை இழுப்பதுபோற் பாவனை மட்டும் செய்வித்தனர். அவர் உண்மையில் தனியாகவே இழுத்தார். எனினும் துணை உண்டென்ற நினைவே அவரது வலுவைக் குறைத்தது. தம் உழைப்புத் தனித்து இனங்காணப்படும் என அறிந்தவிடத்து இத்தகைய தளர்ச்சி மறைவதை 1981இல் வில்லியம்ஸ், ஹார்க்கின்ஸ், லற்றானே ஆகியோர் வேறொரு பரிசோதனையிற் காட்டினர்.

ஆகவே குழுவிற் சோம்பியிருப்பவரைத் தீயவர் என்று மட்டும் கூறி அமைய முடியாது. கரையிற் கயிறு தொய்ந்தால் அருகில் நிற்பவர் அறிவார். விடுதியறையில் நள்ளிரவில் எழுதப்படும் ஒப்படையிலோ தொய்வு தெரிவதில்லை.

எமக்குச் சிறுவயது முதலே பழக்கமான ஒரு கருத்து இங்கு உதவும். இஸ்லாமியச் சட்டவியல் கடமைகளைப் பர்ளு ஐன், பர்ளு கிபாயா என வகுக்கின்றது. முன்னையது ஒவ்வொருவரும் தாமே செய்யவேண்டியது. பின்னையது, ஜனாஸாத் தொழுகை போன்று, சமூகத்திற் சிலர் நிறைவேற்றினால் ஏனையோரின் பொறுப்பு நீங்குவது. ஒருவருமே செய்யாவிடின் அனைவரும் குற்றவாளிகளாவர். உழையாத நண்பர் தம்மை அறியாமலே இந்நியாயத்தைக் கைக்கொள்கிறார்: இருவர் செய்தனர், வேலை முடிந்தது. ஆனால் கிபாயாவில் ஏனையோர்க்குக் கிட்டுவது பொறுப்பிலிருந்து விடுதலை மாத்திரமே. ஜனாஸாவுக்குச் செல்லாதவர் பாவியாகார். தொழுத நன்மையும் அவர்க்கில்லை. புள்ளியோ வெறும் விடுதலையன்று. இவர் இதனைக் கற்றார் என்னும் சாட்சியம். அச்சாட்சியத்தை நம்பி நாளை ஒரு பாடசாலை தன் பிள்ளைகளை அவரிடம் ஒப்படைக்கும். எனவே உழையாதவரின் பெயரைச் சேர்க்கும் தாராளம், பிறர் பொருளை எடுத்துச் செய்யும் தருமத்தை ஒத்தது.

இதனால் உழைத்தவர் குற்றமற்றவர் ஆகிவிடமாட்டார். மருதமுனைக் கைத்தறி நெசவாளரைப் பற்றிய ஒரு குழு ஆய்வு என்று கொள்வோம். ஒருவர் வீடு வீடாகச் சென்று, தறியருகே அமர்ந்து, நெசவாளரைப் பேசவைத்துத் தகவல் திரட்டுகிறார். மற்றொருவர் அதனை ஆங்கிலத்தில் எழுதித் தட்டச்சுச் செய்கிறார். முடிவில் எழுதியவரே உழைத்தவராகிறார். மற்றவர் சும்மா சுற்றியவர். ஆங்கிலம் வல்லோர், பிறர் எழுதினால் தரம் குன்றும் என அஞ்சி முழு வேலையையும் தாமே பறித்துக்கொண்டு, பின்னர் தனியே சுமந்தோம் என அங்கலாய்ப்பதும் உண்டு. இத்தகையோர் எம்மிடையே குறைவல்லர். கரையில் கயிற்றைச் சுருட்டும் முதியவரின் வேலையையும் வேலையென மதிக்கும் கண் இவர்களுக்கு வாய்க்கவில்லை.

இறுதி நாளிற் பெயரை நீக்குதலும் எமது ஊர்களில் எளிதன்று. நீக்கப்படுபவர் மாமியின் மகளாகவோ, ஒரே மஹல்லாவைச் சேர்ந்தவராகவோ இருப்பார். அடுத்த பெருநாளன்று இரு வீட்டாரும் முகம் பார்க்க வேண்டும். ஆதலின் யாருக்கு எப்பகுதி என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி, கள வேலையையும் அதிற் சேர்த்து, ஒப்படையின் முகப்பிற் பெயர்களுக்கு எதிரே காட்டுதலே தகும். தாயின் நோயினால் ஒரு மாதம் விரிவுரைக்கே வராத மாணவியின் பெயருக்கு எதிரே என்ன எழுதுவது என்பது அப்போதும் எஞ்சி நிற்கும். வெறுமையாக விடுதல் கொடுமை. பொய்யால் நிரப்புதலும் தகாது. வரவியலாமையை அவ்வாறே எழுதி, அவளுக்குப் பிறிதொரு வேலையும் தவணையும் வழங்குமாறு விரிவுரையாளரிடம் கேட்கலாம். அவள் வீட்டில் இருப்பாள். கேட்க வேண்டியவர்கள் குழுவின் மற்ற நால்வருமே.