நெருப்பில்லாமல் புகை

பீடி குடித்தான், சிகரெட் பிடித்தான், பொடி போட்டான் என்கிறோம். ஒவ்வொன்றுக்கும் பாஷை ஒரு வினையை ஒதுக்கிவைத்திருக்கிறது. பதினோரு மாதங்களாக நான் செய்துவருகிற காரியத்துக்கு அப்படி ஒன்று இல்லை. பாட்டரி ஒரு கம்பிச்சுருளைச் சூடாக்குகிறது, நிகோடின் கலந்த திரவம் ஆவியாகிறது, இழுக்கிறேன். எதுவும் எரிவதில்லை, ஆகவே சாம்பலும் இல்லை. 2003-இல் இதை உருவாக்கிய சீன மருந்தாளுநர் ஹான் லிக், தாமும் புகைபிடிப்பவர். தந்தையை நுரையீரல் புற்றுநோய்க்குக் கொடுத்தவர்.

வீட்டில் “சிகரெட்டை விட்டாச்சு” என்று அறிவித்தேன். வாக்கியம் உண்மை. ஆனால் மனைவி கேட்டது நான் விடுபட்டுவிட்டேனா என்று. நான் பதில் சொன்னது காகிதச் சுருளைப் பற்றி. உண்மையான வாக்கியத்தால் பொய் சொல்ல முடியும் என்பது எழுதுகிறவனுக்குத் தெரியாத சங்கதி அல்ல.

சார்த்தர் 1943-இல் வந்த தம் பெரிய நூலில், புகையை விட முனைந்ததைப் பற்றிச் சொல்கிறார். ருசி போய்விடும் என்பதல்ல அவர் கவலை. நாடகம் பார்ப்பதும் காலையில் எழுத உட்காருவதும் புகையில்லாமல் வறண்டுவிடுமே என்பதுதான். உலகை எரித்துத் தனதாக்கிக்கொள்ளும் சடங்காக அதைக் கண்டார்; சடங்கின் அர்த்தத்தைக் கலைத்ததும் விடுவது சாத்தியமாயிற்று. என் ஸ்திதி நேர் எதிர். சடங்கு போய்விட்டது, ஆசை அப்படியே நிற்கிறது.

கேளம்பாக்கத்தில், கோவளம் சாலை பிரிகிற இடத்துப் பெட்டிக்கடையில், நுனியில் கங்கு கனிகிற கயிறு ஒன்று தொங்கும். உப்பளத்திலிருந்து வருகிறவரும், சிறுசேரி கம்ப்யூட்டர் கம்பெனிப் பையனும், நானும் அதன் முன் ஒரே மாதிரி குனிந்திருக்கிறோம். நெருப்பு கேட்கிறவனிடம் யாரும் ஜாதி விசாரித்து நான் பார்த்ததில்லை. (குடிதண்ணீர் விஷயத்தில் இப்படிச் சொல்ல முடியாது.) சிகரெட்டுக்கு முடிவும் உண்டு, விரலைச் சுடும். பெட்டியில் பத்து, ராத்திரி மிச்சத்தை எண்ணுகையில் ஒரு கூச்சம் வரும். இந்தக் கருவியில் எண்ண ஒன்றுமில்லை. நுரையீரலுக்குச் சேதம் குறைந்திருக்கலாம். கூச்சமும் குறைந்துவிட்டது, அதை லாபத்தில் எழுதத் தயக்கமாக இருக்கிறது.

தமிழ்நாடு 2018-இலும் மத்திய அரசு 2019-இலும் இதைத் தடைசெய்தன. விற்றால் முதல் குற்றத்துக்கே ஒரு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பிள்ளைகள் பழகிவிடுவார்கள் என்பது காரணம், நியாயமான பயம். ஆனால் சிகரெட் அதே பெட்டிக்கடையில் தொங்குகிறது. பொதுத்துறை எல்.ஐ.சி., ஐ.டி.சி.யின் பெரிய பங்குதாரர்களில் ஒன்று. பிரிட்டனோ 2023-இல் பத்து லட்சம் புகைப்பவர்களுக்கு இக்கருவியை இலவசமாகத் தருவதாக அறிவித்தது. அரசின் இந்த முரண் எனக்கு ரொம்ப வசதி. நண்பர்களிடம் இதைக் காரசாரமாகப் பேசிக்கொண்டிருக்கும் வரை, வீட்டில் சொன்ன வாக்கியத்தைப் பற்றிப் பேசவேண்டியதில்லை.

போன வாரம் அவளிடம் சொல்லிவிட்டேன்.

“தெரியும். சட்டைப் பையெல்லாம் புதினா வாசனை.”

“ஏன் கேக்கலை?”

“ராத்திரி இருமல் நின்னுருக்கு. கேட்டா மறுபடி பழசுக்கே போயிடுவீங்களோன்னு.”

என் பொய்யை அவள் எனக்காகப் பாதுகாத்து வைத்திருந்திருக்கிறாள். மொட்டைமாடிக்குப் போனேன். கையில் கருவி இருந்தது. கொஞ்ச நேரம் இழுக்கவில்லை, பிறகு இழுத்தேன்.