மறைந்த ரயிலும் நிலையாமையும்

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் செல்லும் மலை ரயிலை அறியாதவர் குறைவு. பற்சக்கரத்தின் துணையோடு மலையேறும் அந்த ரயில் 46 கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. 1908-இல் உதகையை எட்டிய அந்தப் பாதையை 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அதே 1908-இல் மற்றொரு மலையிலும் ரயில் ஓடத் தொடங்கியது. இன்றைய இடுக்கி மாவட்டத்தின் மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கின் வழியே, தமிழக எல்லையை ஒட்டிய டாப் ஸ்டேஷன் வரை, 1902-இல் ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று அமைக்கப்பட்டிருந்தது. அதன் வண்டிகளைக் காளைகள் இழுத்தன. பின்னர் 1908-இல் அவ்விடத்தில் இரண்டடி அகலமுள்ள குறுகிய ரயில் பாதை வந்தது. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தின் மூலம் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிநாயக்கனூர் சென்றன.

1924 ஜூலையில் பெருமழை பெய்தது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் கேரள மக்கள் அதைத் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்கின்றனர். அவ்வெள்ளத்தில் ரயில் பாதை அழிந்தது. பிறகு அங்கே ரயில் ஓடவே இல்லை. மூணாறு ரயில் நிலையம் பிற்காலத்தில் தேயிலை நிறுவன அலுவலகமாயிற்று. டாப் ஸ்டேஷனில் இன்று பயணிகள் மேகங்களைக் கண்டு மகிழ்கின்றனர். ஸ்டேஷன் என்ற பெயர் இருக்கிறது, ரயில் இல்லை.

இதைக் கேட்கும் ஆன்மிக சாதகரின் மனத்தில், 'எல்லாம் நிலையற்றவை. போனதற்கு ஏன் வருந்த வேண்டும்?' என்ற எண்ணம் எழுவது இயல்பு. அது உண்மையும்கூட. ஆனால் அந்த உண்மையை யார், யாரிடம் சொல்வது?

2020 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரவு, மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்தது. லயன் வீடுகளில் உறங்கிக்கொண்டிருந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் மண்ணில் புதைந்தன. எழுபது உயிர்கள் பறிபோயின. அவர்களுள் பெரும்பாலோர் தமிழர்கள். பிள்ளையைத் தேடி மண்ணைக் கிளறும் ஒரு தந்தையிடம் சென்று, 'உலகம் நிலையற்றதப்பா' என்று ஒருவர் கூறினால் அது ஞானமாகுமா? சொல்லில் பிழையில்லை. எனினும், கேட்பவரின் துயரில் பங்கேற்க மனமில்லாதவர் ஒதுங்கி நிற்பதற்கு அச்சொல் ஒரு மறைவிடமாகிவிடுகிறது.

திருக்குறளில் துறவறவியலின் அமைப்பு இங்கே சிந்திக்கத்தக்கது. அதன் முதல் அதிகாரம் அருளுடைமை. இன்னா செய்யாமை, கொல்லாமை முதலியவற்றைக் கடந்து பத்தாவதாகவே நிலையாமை வருகிறது. பிற உயிரின் துன்பத்தைத் தன் துன்பமாக உணரப் பழகியவனுக்கே நிலையாமையைப் பற்றிய அறிவு பயன் தரும் என்று இந்த வரிசையிலிருந்து நாம் கொள்ளலாம். அருள் கனியாத உள்ளத்தில் அந்த அறிவு புகுந்தால் அலட்சியமாக மாறிவிடக்கூடும்.

ஆகவே நிலையாமையை எங்கே பயன்படுத்துவது என்பதில் விவேகம் தேவை. தன் பொருள் போனபோது, தன் புகழ் குன்றியபோது, தன் உடல் தளர்ந்தபோது அதை நினைப்பது மனத்தைத் திடப்படுத்தும். பிறர் இழந்து நிற்கும்போது நினைக்க வேண்டியது அவர்களுடைய பசியும் தனிமையும் அடுத்த நாளைய தேவையுமே. நிலையாமையை உண்மையாக உணர்ந்தவர் உதவியை நாளைக்கு என்று ஒத்திவைக்கவும் மாட்டார். உதவி பெறுபவரும், உதவும் கையும், கிடைத்த இந்தப் பொழுதும் நிலைத்திருக்கப் போவதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

மலைப் பயணம் செல்பவர் ஜன்னல் வழியே பசுமையைக் கண்டு வியக்கிறார், அதில் தவறில்லை. அந்தச் சரிவுகளில் குனிந்து கொழுந்து பறிக்கும் கைகளும் அவர் கண்ணில் படட்டும். வண்டி நகர்ந்ததும் காட்சி மறைந்துவிடும். அவர்களைப் பற்றிய அக்கறை மறையாதிருந்தால் அந்தப் பயணம் ஒரு சாதனையாகும்.