விலைக்கு வந்த விலக்கு

சிலுவைப்போர் என்றதும் நம் கண்முன் எழுவது என்ன? இருபுறமும் வாள், இருபுறமும் ஆண்டவன் பெயர், இடையே குருதி ஆறு! போர்க்களத்தை அடுத்த சாலையில் என்ன நடந்தது என்று நாம் கேட்பதில்லை.

ஸ்பெயின் நாட்டு முஸ்லிம் பயணி இபின் ஜுபைர் 1184இல் அச்சாலையில் சென்றார். சலாவுதீனின் படை கெராக் கோட்டையை முற்றுகையிட்டிருந்த நேரம். அப்போதும் டமாஸ்கசுக்கும், கிறிஸ்தவர் ஆண்ட ஆக்கர் துறைமுகத்துக்கும் இடையே வணிகர் கூட்டம் தடையின்றிப் போய்வந்ததை அவர் வியந்து எழுதினார். அவர் கடல் கடந்ததும் ஜெனோவாக் கிறிஸ்தவரின் கப்பலில்தான்!

இதைவிட வேடிக்கை, காசு. சிலுவை தாங்கி வந்தோரின் நாணயச்சாலைகள், முகமது இறைத்தூதர் என்னும் வாசகத்தை அரபு எழுத்தில் பொறித்துப் பொற்காசு அடித்தன. 1250இல் போப்பாண்டவரின் தூதர் கண்டு பதறினார், தடை வந்தது. பிறகு கிறிஸ்தவ வாசகம் ஏறியது. ஆனால் எழுத்து? அரபுதான்! சந்தை வாங்க வேண்டுமே!

சமயத் தலைமை சும்மா இருந்ததா? இல்லை. 1179இல் லாத்தரன் பேரவை விதித்தது: முஸ்லிம்களுக்கு ஆயுதமோ, இரும்போ, கப்பல் மரமோ விற்கும் கிறிஸ்தவன் திருச்சபைக்குப் புறம்பானவன், பிடித்தவனுக்கு அடிமை. 1215இல் அதையே மீண்டும் விதித்தனர். மீறல் நின்றிருந்தால் மீண்டும் விதிப்பானேன்?

1291இல் ஆக்கர் வீழ்ந்தது. எகிப்தோடு வாணிபமே கூடாதென ஆணை பிறந்தது. மலையாளக் கரையில் விளைந்த மிளகோ அலெக்சாந்திரியாவில் குவிந்து கிடந்தது! வழி பிறந்தது. 1344இல் போப்பாண்டவர் ஆறாம் கிளெமெந்து வெனிசுக்கு அனுமதி வழங்கினார். மறு ஆண்டே அதன் கப்பல்கள் புறப்பட்டன. இத்தகைய அனுமதிகள் பணத்துக்குக் கிடைத்தன. கேளாமல் போய் வந்தவனும் ஆதாயத்தில் ஒரு பங்கு கட்டினால் மன்னிப்பு உண்டு. பாவம் என்றால் பாவந்தானே, தோழர்களே? பங்கு கொடுத்ததும் அது எங்கே போயிற்று? களத்தில் மடிந்த ஏழை வீரனுக்கு மட்டும் எந்த விலக்கும் இல்லை. அவன் கையில் காசில்லை.

அப்படியானால் வாணிபமே மதவெறிக்கு மருந்து என்பார் சிலர். நாம் அவ்வளவு எளிதில் இசைய மாட்டோம். அதே கடலில் இன்னொரு சரக்கும் சென்றது: கருங்கடற் கரையில் பிடிபட்ட துருக்கிய இனச் சிறுவர்கள். எகிப்தின் மம்லுக் சுல்தான்கள் இப்படி வாங்கிய சிறுவரை முஸ்லிமாக்கி, பயிற்சி தந்து படை அமைத்தனர். ஆக்கரைத் தகர்த்த படையின் முதுகெலும்பே அவர்கள்தாம். அவர்களை ஏற்றி விற்றதில் ஜெனோவாக் கிறிஸ்தவருக்கும் பங்குண்டு. போப்பாண்டவர்கள் இந்த விற்பனையையும் கண்டிக்கத்தான் செய்தார்கள். பகைவனின் படை பெருகுகிறதே என்பது அவர்தம் பெருங்கவலை. தாயின் கையிலிருந்து பறித்து வரப்பட்ட அந்தச் சிறுவன் அக்கவலையில் எந்த மூலையில் இருந்தான்?