கொடையும் கடனும்

முதியோரைப் பேணுதல் அறம் என்பதிற் கருத்து வேறுபாடு இல்லை. அது யாருடைய கடன் என்ற வினா எழும்போதே நாம் தயங்குகின்றோம். இலங்கையின் 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இதற்கு இரு விடைகளைத் தருகின்றது. பெற்றோரைப் பேணுதல் பிள்ளைகளின் பொறுப்பு. பிள்ளைகளற்ற அல்லது அவர்களாற் கைவிடப்பட்ட ஆதரவற்ற முதியோருக்கு உறைவிடம் அளித்தல் அரசின் பொறுப்பு. ஆயின், பிள்ளைகள் கடல்கடந்து வாழ, மாதந்தோறும் பணம் வந்துசேர, பேச்சுத்துணைக்கு ஒருவருமின்றி வீட்டைக் காத்திருக்கும் முதியவரின் குறையை இவ்விரண்டும் தீர்ப்பதில்லை. பகற்பொழுதில் நடந்துசென்று பலரோடு கூடியிருந்து உண்ணவும் உரையாடவும் தக்க ஒரு பராமரிப்பு நிலையமே அவருக்கு வேண்டுவது. அதனை ஊரே அமைத்தல் வேண்டும்.

அமைத்தல் எளிது; நிலைபெறச் செய்தலே அரிது. பிறந்தநாளிலும் திவசத்திலும் முதியோர் இல்லங்களுக்கு ஒருவேளை உணவு வழங்கும் வழக்கம் எம்மிடையே உண்டு. அது நற்செயலே. எனினும், கொடைக்குரிய நாளைக் கொடுப்பவரே தெரிவு செய்கின்றார். பசியும் நோயும் தனிமையும் நாள் பார்த்து வருவனவல்ல. அன்றியும், கொடை பெறுபவர் நன்றி கூறக் கடமைப்பட்டவராகின்றார். ஊரின் வயலையும் பள்ளியையும் தம் உழைப்பால் வளர்த்தவர் முதுமையில் நன்றி கூறியே உண்ணவேண்டும் என்பது நீதியாகுமா? அவருக்கு ஊர் அளிப்பது கொடையன்று. திருப்பிச் செலுத்தப்படும் கடன்.

யப்பானில் 2000 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதி இக்கருத்துக்கு எடுத்துக்காட்டாகும். 40 வயது நிரம்பியோர் அதற்குக் கட்டுப்பணம் செலுத்துகின்றனர். பயன்பெறுவோர் நேரிற் செலுத்தும் பங்கு நீங்கலாக, செலவின் ஒரு பாதியை அப்பணமும் மறுபாதியை வரிப்பணமும் ஈடுசெய்கின்றன. அங்கு பெறுபவர் முன்னரே கொடுத்தவர். ஆதலால் அவர் தலைகுனிய வேண்டியதில்லை.

அத்தகைய செல்வம் எமக்கில்லை எனலாம். உண்மையே. ஆயினும் சனசமூக நிலையங்களைச் சந்தாப் பணத்தால் நடத்திய பழக்கம் எம் ஊர்களுக்குப் புதிதன்று. உழைக்கும் வயதினர் மாதந்தோறும் ஒரு சிறு தொகையையோ, அஃது இயலாதோர் வாரத்திற் சில மணிநேர உழைப்பையோ வழங்கலாம். இயன்ற முதியோரும் சமையலிலும் கணக்கு வைப்பதிலும் பங்குகொள்ளலாம்.

கடமையாக்கினால் அன்பு வற்றிவிடும் எனச் சிலர் அஞ்சுவர். அன்பு விரும்பத்தக்கதே, ஆனால் அது வாராத நாளிலும் நிலையத்தின் அடுப்பு எரிதல் வேண்டும். அதனை உறுதிசெய்வது கொடையாளரின் பெருந்தொகையன்று, ஊரவர் ஒவ்வொருவரும் தவறாது செலுத்தும் சிறு பங்கேயாகும்.