குறைந்த பலமும் கொடுத்த வாக்கும்

மதுரையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் நெடுஞ்சாலையில், மேலூரைக் கடந்து வடக்கே சென்றால் கொட்டாம்பட்டி வருகிறது. மழையையும் கண்மாயையும் நம்பிப் பிழைக்கும் பூமி அது. இத்தகைய ஊர்களில் தேர்தல் வாக்குறுதி மேடையோடு முடிந்துவிடுவதில்லை. நியாய விலைக் கடை அரிசியின் விலையாகவும், கூட்டுறவுச் சங்கப் பேரேட்டில் ஒரு வரியாகவும் அது வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. ஆகவே, ஓர் அரசு தன் வாக்கைக் காக்கக் கடமைப்பட்டதா என்ற வினா, இங்கு அடுப்படியைத் தொடும் வினா.

வாக்குக் கொடுத்தவர் அதைக் காக்க வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேற்றுமை இராது. ஆனால், மக்கள் பெரும்பான்மை கொடுக்காத ஒரு கட்சி, பிறர் தோள்மீது சாய்ந்து ஆட்சியில் அமருமானால் அதன் நிலை என்ன? முழுப் பலம் கேட்டவர்க்குப் பாதிப் பலமே கிடைத்தது. அவர் முழு வாக்குக்கும் பொறுப்பாளியா? இதைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்ப்போம்.

தமிழகத்திலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 2006ஆம் ஆண்டுத் தேர்தலில், 234 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் தி.மு.க.வுக்குக் கிடைத்தவை 96. பெரும்பான்மைக்கு வேண்டிய 118க்கு 22 குறைவு. காங்கிரஸின் 34, பா.ம.க.வின் 18, இரு கம்யூனிஸ்ட் கட்சிகளின் 15 ஆகியவற்றின் ஆதரவில் கலைஞர் மு. கருணாநிதி ஆட்சி அமைத்தார். எதிர்க்கட்சித் தலைவி ஜெயலலிதா அதனை 'மைனாரிட்டி அரசு' என்றே ஐந்தாண்டும் அழைத்து வந்தார். எனினும் அவ்வரசு பதவியேற்ற மே 13 அன்றே, கிலோ அரிசி இரண்டு ரூபாய் என்ற ஆணையிலும், கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி ஆணையிலும் முதலமைச்சர் கையொப்பமிட்டார். தள்ளுபடியான கடன் ஏறத்தாழ 6,866 கோடி ரூபாய். ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியும் போய்ச் சேர்ந்தது. அதே வேளையில், நிலமற்ற உழவர் குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் என்ற வாக்கு, சொன்ன அளவுக்கு நிறைவேறவில்லை.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. அந்த நில வாக்கைத் தடுத்தது தோழமைக் கட்சிகளின் கை அன்று. கொடுப்பதற்குப் போதிய நிலம் இல்லாமையே. 1967இல் அறிஞர் அண்ணாவின் அரசு அறுதிப் பெரும்பான்மையோடு வந்தது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்று சொல்லியிருந்தது. அந்த ஒரு படித் திட்டமும் சென்னையிலும் கோவையிலும் தொடங்கி, நிதி நெருக்கடியால் மாநிலம் முழுவதற்கும் விரியாமல் நின்றது. ஆக, தலை எண்ணிக்கை மட்டும் வாக்கை நிறைவேற்றிவிடாது. எண்ணிக்கைக் குறைவு மட்டும் அதைத் தடுத்துவிடவும் செய்யாது.

"எங்களுக்குப் பெரும்பான்மை கொடுத்தால் செய்வோம் என்றுதான் சொன்னோம். நிபந்தனை நிறைவேறவில்லை, ஆகவே வாக்கும் இல்லை" என்று வாதிடுவோர் உண்டு. இது புறந்தள்ளத்தக்க வாதம் அன்று. தோழமைக் கட்சியை ஆதரித்தவர்கள் வேறொரு வாக்கை நம்பி அல்லவா ஓட்டளித்தார்கள்? அவர்கள் விருப்பத்தையும் மதிக்கத்தானே வேண்டும்?

இதற்கு விடை காண, நம் இல்லங்களில் எல்லாரும் அறிந்த மஹரை எடுத்துக்கொள்வோம். நிக்காஹ்வின்போது மணமகன் ஒரு தொகையை ஒப்புக்கொள்கிறார். பின்னர் வியாபாரம் நொடித்துப் போகிறது. அவர் தவணை கேட்கலாம். சிறுகச் சிறுகக் கொடுக்கலாம். மனைவி மனமுவந்து விட்டுக்கொடுத்தால் கடனும் தீரும். ஆனால், "என் கை சுருங்கிவிட்டது, ஆகவே மஹர் இல்லை" என்று கணவரே தீர்ப்புச் சொல்லிக்கொள்ள முடியாது. கடனை மன்னிக்கும் உரிமை கடன்பட்டவரிடம் இல்லை.

அரசின் வாக்கும் இத்தகையதே எனக் கருதுகிறோம். பெரும்பான்மை கிடைக்காதபோது பதவியை மறுத்து எதிர்வரிசையில் அமர வழி இருந்தது. அவ்வாறின்றி நாற்காலியை ஏற்ற கணமே கடனும் உடன் வந்தது. பதவிக்கு மட்டும் பெரும்பான்மை போதும், வாக்குக்கு அது போதாது என்பது நேர்மையான கணக்கு ஆகாது.

அப்படியானால் ஆட்சியையே பறிகொடுக்க நேர்ந்தாலும் வாக்கைக் காக்க வேண்டுமா? 1989இல் ஜனதா தளம் பெற்ற இடங்கள் 143. பாரதீய ஜனதாவும் இடதுசாரிகளும் வெளியிலிருந்து தாங்க, வி.பி. சிங் பிரதமரானார். மண்டல் குழுப் பரிந்துரையை நிறைவேற்றுவோம் என்பது அவரது அணியின் வாக்கு. 1990 ஆகஸ்டு 7 அன்று அதை அறிவித்தார். நாடு கொந்தளித்தது, ரத யாத்திரை புறப்பட்டது, அத்வானி கைதானதும் பாரதீய ஜனதா ஆதரவை விலக்கிக்கொண்டது. நவம்பர் 7 அன்று மக்களவையில் 142க்கு எதிராக 346 வாக்குகளில் அரசு வீழ்ந்தது. அவர் அந்த அறிவிப்பைச் செய்தது கட்சிக்குள் இருந்த போட்டியைச் சமாளிக்கவே என்று கூறுவோர் உண்டு. உள்ளத்தை அறிபவன் இறைவன். நாம் காண்பது செயலை. அரசு போயிற்று, ஆணை நின்றது. 1992இல் உச்ச நீதிமன்றம் 27 விழுக்காட்டு ஒதுக்கீட்டை ஏற்றது. முஸ்லிம்களில் பிற்பட்ட பல பிரிவினரும் அதனால் பயன்பெற்றனர்.

இங்கே நம்மை நாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளாவிடில் இக்கட்டுரை நேர்மையற்றதாகிவிடும். 1998இல் 182 இடங்களுடன் வந்த பாரதீய ஜனதா, தோழமைக் கட்சிகளுக்காக அயோத்திக் கோவில், 370ஆம் பிரிவு, பொது சிவில் சட்டம் ஆகிய மூன்றையும் ஆட்சித் திட்டத்தில் சேர்க்காமல் விட்டது. அன்று நம் வீடுகளில் நிம்மதிப் பெருமூச்சு எழுந்தது. ஒருவர் வாக்குத் தவறியதற்கு மகிழ்ந்துவிட்டு, இன்னொருவரிடம் வாக்கைக் கேட்பது எப்படி நியாயமாகும்?

பிறர் உரிமையைப் பறிக்கும் வாக்கு, கொடுக்கும்போதே பிழையானது. அதைக் காப்பதால் அது நன்மையாகிவிடாது. தீயதைச் செய்வதாகச் சத்தியம் செய்தவர், சத்தியத்தை முறித்துப் பரிகாரம் செய்ய வேண்டும் என்பதே நாம் கற்ற நெறி. ஆனால் முறிப்பது வேறு, ஒத்திப்போடுவது வேறு. அக்கட்சி அந்த வாக்குகளைப் பிழையென்று ஒப்பித் துறக்கவில்லை. பலம் வரும்வரை பரணில் வைத்தது. தனிப் பெரும்பான்மை வந்தபின், 2019 ஆகஸ்டு 5 அன்று 370ஆம் பிரிவு வழங்கிய தனிநிலை நீக்கப்பட்டது. நாம் ஒத்திவைப்பைக் கைவிடலாக எண்ணி அமைதி கொண்டோம். அந்தப் பிழை நம்முடையது. நமக்கு உவப்பானதோ இல்லையோ, கட்சி சொல்லும் சொல்லை மெய்யாகவே எடுத்துக்கொள்ள நாம் கற்றிருக்க வேண்டும்.

சட்டம் இதில் நமக்குத் துணைவராது. தேர்தல் அறிக்கையின் வாக்குறுதி முறைகேடான செயல் ஆகாது என்று 2013 ஜூலை 5 அன்று சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; அறிக்கைகளுக்கு நெறிமுறை வகுக்குமாறு தேர்தல் ஆணையத்தைப் பணித்தது. வாக்கைக் கொடுக்கத் தடையில்லை. காக்காவிட்டால் வழக்கும் இல்லை. எஞ்சியிருப்பது மனச்சான்றும் மக்களின் நினைவுமே.

எனவே குறைந்த பலமுள்ள அரசிடம் நாம் கேட்கத்தக்கவை மூன்று. தன் கைக்குள் அடங்கியதைத் தாமதமின்றிச் செய்யட்டும். 2007இல் பிற்பட்டோருக்கான 30 விழுக்காட்டுக்குள்ளேயே முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு பிறந்தது, குறைந்த பலமுள்ள அந்த அரசின் காலத்தில்தான். தோழமைக் கட்சிகளின் இசைவு வேண்டியதை அவையின் முன் வெளிப்படையாக வைக்கட்டும். தோற்றாலும் தடுத்தவர் யாரென்று ஊர் அறியும். இயலாததையும் தகாததையும் இன்ன காரணத்தால் விடுகிறோம் என்று வாய்திறந்து சொல்லட்டும். மௌனமாக மறந்துவிடும் உரிமை மட்டும் எந்த அரசுக்கும் இல்லை.

நமக்கும் ஒரு கடமை உண்டு. நியாய விலைக் கடை வரிசையில் பையுடன் நிற்கும் தாய்க்குச் சட்டமன்றத்தின் கூட்டல் கழித்தல் தெரியாமல் இருக்கலாம். தனக்குச் சொல்லப்பட்டது என்ன, கையில் கிடைத்தது என்ன என்பது அவருக்குத் தெரியும். அந்தக் கணக்கை அடுத்த தேர்தல்வரை மறவாதிருப்பதே கடன் கொடுத்தவர் செய்ய வேண்டிய வேலை.