யாருடைய பைத்தான்?

சீடன்: ஐயா, 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பே நடக்காத நம் தூத்துக்குடிக் கடலடி முத்துப் பார்களை க்யூஜிஐஎஸ் மென்பொருளில் வரைபடமாக்குகிறேன். தொள்ளாயிரம் பார் என்ற பாரில் தொடங்கியிருக்கிறேன். கணினியில் தனியே இருக்கும் பைத்தானில் வென்வ் என்ற மெய்நிகர் சூழல் ஒன்றைப் போட்டேன். க்யூஜிஐஎஸ் தொகுதியே இல்லை என்கிறது.

குரு: எப்படி இருக்கும்? விண்டோஸில் அந்த மென்பொருள் தன் பைத்தானைத் தானே கொண்டுவருகிறது. அதற்கென்று தொகுத்த நூலகத்தை வேறு பதிப்புப் பைத்தான் ஏற்காது.

சீடன்: அந்தப் பைத்தானிலேயே எனக்கு வேண்டிய ஜியோபாண்டாஸ் நூலகத்தை நிறுவிவிடட்டுமா?

குரு: கூடவே நம்ப்பை 2 வந்து இறங்கினால், நம்ப்பை 1க்குத் தொகுத்த பகுதிகள் படுத்துவிடும். வரைபடமும் போச்சு. அந்தப் பைத்தானைக் கொண்டே வென்வ் உண்டாக்கு. சிஸ்டம் சைட் பேக்கேஜஸ் விருப்பத்தையும் சேர்.

சீடன்: எனக்கென்று தனிப் பைத்தான் கிடைத்துவிடும்.

குரு: கிடைக்காது. வென்வ் அடைவுக்குள் பைவென்வ் சிஎஃப்ஜி என்று சில வரிக் கோப்பு இருக்கும். அதில் ஹோம் வரியைப் படி. க்யூஜிஐஎஸ் பைத்தானின் முகவரி. செந்தர நூலகம் முழுக்க அங்கேதான் கிடக்கிறது.

சீடன்: தோணியிலிருந்து கயிற்றில் இறங்கும் குளியாளி மாதிரியா?

குரு: குளியாளி மூச்சைத் தன் நெஞ்சில் கொண்டுபோனான். இதற்கு மூச்சே தோணியில்தான்.

சீடன்: தான் யாரென்று அதற்குத் தெரியுமா?

குரு: கேட்டுப் பார். சிஸ் பிரிஃபிக்ஸ் உன் அடைவைச் சொல்லும். சிஸ் பேஸ் பிரிஃபிக்ஸ் க்யூஜிஐஎஸ்காரர்களுடையதைச் சொல்லும். இரண்டும் ஒன்றாக இருந்தால் நீ வென்வுக்குள்ளேயே இல்லை.

சீடன்: அப்படியானால் பிரிந்திருப்பது எது?

குரு: நீ சேர்த்த சரக்கு. அதுவும் முழுப் பிரிவு இல்லை, தம்பி. முதலில் உன் அடைவில் தேடும், பிறகு அவர்கள் அடைவில். உன் புதிய நம்ப்பை முன்னால் நின்றால் அவர்களுடைய பழைய நூலகம் அதோடுதான் மோதும். மென்பொருள் பிழைத்துக்கொள்ளும், உன் நிரல் பிழைக்காது. நம்ப்பை பதிப்பை அவர்களுடையதோடு கட்டிவை.

சீடன்: கட்டியும் க்யூஜிஐஎஸ் தொகுதி வரவில்லையே?

குரு: அது சைட் பேக்கேஜஸில் இல்லை, வேறு அடைவில் இருக்கிறது. பிடிஎச் கோப்பு ஒன்றில் அதன் பாதையை எழுதி உன் சைட் பேக்கேஜஸில் போடு. டிஎல்எல் அடைவையும் நிரலின் தலையிலேயே காட்டு, பைத்தான் 3.8 முதல் பாத் மாறியை நம்ப முடியாது. இந்த எரிச்சலுக்குள் தத்துவம் எதுவும் தேடாதே.

சீடன்: மென்பொருளின் புதுப் பதிப்பு வந்து பழைய அடைவு போய்விட்டால்?

குரு: வென்வ் செத்தது. அழித்துவிட்டு மறுபடி உண்டாக்கு.

சீடன்: அப்போது நான் காப்பாற்ற வேண்டியது எதை?

குரு: நீ சேர்த்த சரக்கைப் பட்டியலிடும் ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பை. அதிலும் நம்ப்பை வரியைப் புதுப் பதிப்போடு ஒத்துப் பார்த்துவிடு.