மூக்கும் மார்க்கமும்

உணவை உண்பது வாய். ஆனால் அதற்குத் தீர்ப்புச் சொல்வது பெரும்பாலும் மூக்கு. மூக்கு சுளித்தவுடன் நாவும், "சீச்சீ, இதையும் மனிதர் தின்பார்களா?" என்று கேட்டுவிடுகிறது. சிறிய கேள்விதான். ஆயினும் பல இனத்தவர்க்கும் சரக்கு விற்றுப் பிழைக்கும் வணிகர்களாகிய நாம் இதனை நிதானமாக எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

பஹாங்கைச் சேர்ந்த கேமரன் மலையையே எடுத்துக்கொள்வோம். 1929ஆம் ஆண்டு அங்கே போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. கொழுந்து பறிக்க வந்த தமிழர்களோடு கருவாடும் மலையேறியது. தோட்டத்துரைமார் நீலப்பூஞ்சணம் படர்ந்த பாலாடைக்கட்டியை உயர்ந்த உணவென உண்ணும் நாட்டிலிருந்து வந்தவர்கள். மலாய்ச் சகோதரர் வீட்டில் பெலாச்சானும் தெம்போயாக்கும். மலையின் ஆதிக்குடிகளான செமாய் மக்களுக்குப் பெத்தாயும், மூங்கிற் குழாயில் வெந்த கிழங்கும், ஊதுகுழல் அம்பால் வீழ்த்திய காட்டு விலங்கும். இன்று தோட்டங்களில் வேலை செய்யும் வங்காளதேசத்தார்க்குச் 'சுட்கி' என்னும் உலர்மீன். நேபாளத்தார்க்குக் 'குந்துருக்' என்னும் புளிக்கவைத்து உலர்த்திய கீரை. ஒருவர் அடுப்பு மற்றவர் மூக்கிற்குச் சோதனையாகவே இருக்கிறது!

தெம்போயாக் என்பது என்ன? டுரியான் சுளையில் உப்பிட்டு, மூடிய சாடியில் சில நாள் புளிக்க வைப்பது, அவ்வளவே. நம் வீட்டு இட்லி மாவைப் புளிக்கச் செய்வதும் அதே இனத்து நுண்ணுயிர்கள்தாம். அவை உண்டாக்கும் புளிப்பும் நாம் இடும் உப்பும் கெடுக்கும் கிருமிகளைத் தடுக்கின்றன. டுரியான் சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும் கனி. அதை வீணாக்காமல் மாதக்கணக்கில் காக்கும் அறிவே தெம்போயாக். பாத்தின் மீனை அதிலிட்டுச் சமைக்கும் குழம்பு பஹாங்கின் பெருமை. மலாக்காவில் பிறந்து, அக்கால வணிகர் கணக்கு மொழியாக விளங்கிய தமிழையும் கற்ற முன்ஷி அப்துல்லாஹ், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே தெரெங்கானு மக்களின் விருப்ப உணவாகத் தெம்போயாக்கைக் குறிப்பிட்டுள்ளார்.

இதைக் கேட்டு மூக்கைப் பிடிப்பவர், நம் வீட்டு மாசிச் சம்பலை நினைத்துப் பார்க்கட்டும். கல்லைப்போல் இறுகிய மாசியை இடித்து, தேங்காயும் மிளகாயும் சேர்த்தால் நமக்கு நாவூறுகிறது. அறியாதவர்க்கோ அதுவும் செத்த மீனின் வாடைதானே!

இனி மார்க்கத்தின் தீர்ப்பைப் பார்ப்போம். அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முன் சுட்ட உடும்பு வைக்கப்பட்டது. இன்னதென்று அறிந்ததும் கையை எடுத்துக்கொண்டார்கள். "இது ஹராமா?" என்று காலித் பின் வலீத் (ரலி) கேட்டார்கள். இல்லை, எம் மக்கள் வாழும் பகுதியில் இது இல்லாததால் எமக்கு விருப்பமில்லை என்ற கருத்தில் பதில் வந்தது. காலித் (ரலி) அதைத் தம் பக்கம் இழுத்து உண்டார்கள். நாயகம் (ஸல்) பார்த்துக்கொண்டிருந்தார்கள். தமக்குப் பிடிக்காததைத் தோழருக்குத் தடுக்கவில்லை; உணவைப் பழிக்கவுமில்லை. எத்தகைய பண்பு இது!

"திருமறையின் ஏழாம் அத்தியாயம் 157ஆம் வசனம் அசுத்தமானவற்றை விலக்குகிறதே; அருவருப்பானவை அதில் அடங்காவா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் எது அசுத்தம் என்பதை அவரவர் மூக்கிற்குச் சட்ட மேதைகள் விட்டுவிடவில்லை. ஷாபிஈ அறிஞர்கள் அதற்கென ஓர் அளவுகோலை வகுத்தார்கள். மீனல்லாத கடற்பிராணிகளைப் பற்றி ஹனபிகளுக்கும் ஷாபிஈகளுக்கும் கருத்து வேற்றுமை உண்டு. அதுவும் ஆதாரங்களைக் கொண்டு எழுந்ததேயன்றி வாடையைக் கொண்டு எழுந்ததன்று. ஆகவே நமக்குக் குமட்டுகிறது என்பதற்காக ஒன்றை ஹராம் என்பது, மார்க்கத்தின் முத்திரையை நம் மூக்கின் கையில் கொடுப்பதாகும்.

குரங்கு நமக்கு ஆகாது. உண்ணவும் மாட்டோம், விற்கவும் மாட்டோம். அதில் தயக்கமே வேண்டாம். ஆனால் அதை உண்ணும் செமாய்ச் சகோதரர் கடைப்படி ஏறும்போது அவரை இழிவாகப் பார்க்க அந்த விலக்கு நமக்கு உரிமை தரவில்லை.

வணிகர்கள் உணரவேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. அருவருப்புக்கும் பயன் இருக்கிறது. அழுகலை உண்டு சாகாதபடி அது நம்மைக் காக்கிறது. உப்புக் குறைந்தாலோ ஈரம் ஏறினாலோ கருவாடு கெட்டுப்போகும், புழு வைக்கும். நல்ல கருவாட்டு மணமும் கெட்ட கருவாட்டு நாற்றமும் வேறு வேறு. கருவாடு என்றாலே நாற்றம் என்று முகம் திருப்பும் கடைக்காரருக்கு இந்த வேறுபாடு எப்படித் தெரியும்? "எல்லாம் ஒரே நாற்றந்தானே" என்று கெட்டதையும் நிறுத்துக் கொடுத்துவிடுவார். தோட்டத் தொழிலாளி கூலிக் காசைக் கொடுத்து வயிற்றுவலியை வாங்கிப் போவார். தானியக் குவியலுக்குள் ஈரம் கண்டு நாயகம் (ஸல்) கடைவீதியில் கண்டித்த செய்தியை நாம் அறிவோம். வாடிக்கையாளர் உணவை இகழ்பவர், மோசடி செய்யும் எண்ணமின்றியே மோசடி செய்தவராகிவிடுகிறார்.

கருவாட்டு வாடை வரும் என்று வாடகைக்கு வீடு மறுப்பதும், பள்ளிப் பிள்ளையின் சோற்றுப் பாத்திரத்தைப் பார்த்துச் சிரிப்பதும் இந்த இகழ்ச்சியின் கிளைகளே. அதேசமயம் உண்பவருக்கும் கடமை உண்டு. பூண்டு ஹலால்தான், ஆயினும் பச்சைப் பூண்டு தின்றவர் அந்த வாடையோடு பள்ளிவாசலுக்கு வரவேண்டாம் எனத் தடுக்கப்பட்டது. பிறர் மூக்கையும் மதிக்க வேண்டும் என்பதே அதன் பாடம்.

சகோதரர்களே! ஆகாதது, கெட்டுப்போனது, நமக்குப் பிடிக்காதது ஆகிய மூன்றையும் தனித்தனியே வைப்போம். முதலாவதைக் கடையில் ஏற்றாதிருப்போம். இரண்டாவதைக் குப்பையில் கொட்டுவோம். மூன்றாவதைத் தரம் பார்த்து வாங்கி, சரியாக நிறுத்து, முகமலர்ச்சியோடு கொடுப்போம்.